வளவுக்கு வரும் வலசைப் பறவைகள் திரும்பிப் போகும் நாளை வீட்டிலிருந்தபடியே அறிய முடியுமா?

கிணற்றடி (கிளிநொச்சி) கேட்டது:

தை மாதத்தில் கிணற்றடிப் பாசியில் வழுக்கி விழுந்து வலது கணுக்காலை முறித்துக்கொண்டதால், கடந்த ஏழு கிழமைகளாக விறாந்தையில் போட்டிருக்கும் சாய்மனைக் கதிரையிலேயே என் பகற்பொழுது முழுவதும் கழிகிறது. எங்கள் வீடு இரணைமடுக் குளத்திலிருந்து வரும் வாய்க்கால் ஒன்றுக்கு அண்மையில் இருக்கிறது. முன்னால் வயல்; பக்கத்தில் மின்கம்பி; பின்வளவில் இரண்டு மாமரங்களும் ஒரு தேசியும்; வேலியோரம் கிளுவையும் பூவரசும். காகம், கிளி, செண்பகம், புலுனி என்பவற்றுக்கு மேல் ஒரு பறவையையும் பெயர் சொல்லி அறியாத நான், வேறு வேலை இல்லாத காரணத்தால் பறவை பார்க்கத் தொடங்கினேன்.

தேசி மரத்தின் கீழே சருகைக் கிளறிக்கொண்டு ஒரு பறவை திரிகிறது. புலுனியை விடச் சற்றுச் சிறியது, கட்டை வால், பச்சை முதுகு, தோளில் நீலப் பொட்டு, கண்ணுக்குக் குறுக்கே மை பூசியது போன்ற கறுப்புப் பட்டை, வயிற்றின் அடியில் குங்குமச் சிவப்பு. காலையில் வெளிச்சம் பரவும் வேளையிலும் மாலையில் விளக்கேற்றும் வேளையிலும் இரண்டு சுரத்தில் சீட்டி அடிக்கும். மகன் கைத்தொலைபேசியில் தேடிப் பார்த்து, இது ஆறுமணிக்குருவி என்றும், மழைக்காலத் தொடக்கத்தில் இந்தியாவிலிருந்து வந்து வெயிற்காலம் முற்றுமுன் திரும்பிவிடும் என்றும் சொன்னான். அது போகப்போகிறது என்று கேட்ட நாளிலிருந்து எனக்கு ஒருவித அவதி பிடித்துவிட்டது.

மின்கம்பியில் மாலை நேரத்தில் பஞ்சுருட்டான்கள் வரிசையாக அமர்கின்றன. நேற்று எண்ணியபோது பதினான்கு இருந்தன. மாமரத்தின் கீழே இன்னொரு சிறிய பறவை, நெஞ்சில் இரண்டு கறுப்புக் கோடுகளுடன், இடுப்பை இரு பக்கமும் அசைத்து அசைத்து நடக்கிறது. இவற்றில் எவை போகும், எவை நிற்கும், எந்த நாளில் போகும், கதிரையை விட்டு எழாமலே அதைக் காண முடியுமா என்பவையே என் கேள்விகள். வாடைக் காற்றோடு வந்தவை, தென்மேற்கிலிருந்து வீசும் சோழகக் காற்றோடு போய்விடும் என்று அம்மம்மா சொல்வார். அது சரிதானா என்பதையும் அறிய விரும்புகிறேன்.

பழைய விஞ்ஞான வாத்தியார் (வவுனியா) எழுதியது:

தங்கச்சி என்று அழைப்பதைப் பொறுத்துக்கொள்ளுங்கள். எனக்கு வயது எழுபத்தொன்று. கால் முறிந்ததற்காக வருந்துகிறேன். ஆனால் பறவை பார்ப்பதற்கு அதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது. ஒரே இடத்தில் அசையாமல் இருப்பவரை நாலைந்து நாட்களில் பறவைகள் வேலிக்கதியாலாகவே எண்ணத் தொடங்கிவிடும்.

இடுப்பை அசைத்து நடப்பது கொடிக்கால் வாலாட்டி. மற்ற வாலாட்டிகள் வாலை மேலும் கீழும் ஆட்டும்போது இது மட்டும் இடம் வலமாக ஆட்டும். நெஞ்சில் நீங்கள் கண்ட இரட்டைக் கோடும் அதற்கே உரியது. சீனா, கொரியா, சைபீரியாவின் கிழக்குப் பகுதி ஆகிய இடங்களில் கூடு கட்டுகிற இந்தப் பறவை உங்கள் மாமர நிழலைத் தேடி வந்திருக்கிறது. பஞ்சுருட்டானில் மட்டும் சற்றுக் கவனம் தேவை. உடல் முழுவதும் பச்சையாக, சிட்டுக்குருவியை விடச் சற்றே பெரிதாக இருப்பது ஆண்டு முழுவதும் எங்களோடு இருக்கும் உள்ளூர்ப் பஞ்சுருட்டான். அதைவிட ஓரளவு பெரியதாக, தொண்டையில் செங்கபில நிறமும் வாலில் நீலமும் கொண்டது நீலவால் பஞ்சுருட்டான். வன்னியில் வயல்வெளிக் கம்பிகளில் கூட்டமாகக் காணப்படுகிறவற்றில் பெரும்பாலானவை வலசை வந்தவை. பதினான்கு ஒன்றாக இருந்தால் அது நீலவாலாக இருப்பதற்கே வாய்ப்பு அதிகம் என்றாலும், வாலில் வெயில் படும் நேரத்தில் ஒருமுறை உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். வேலியில் நின்று கரகரத்த குரலில் கத்துகிற, கண்ணில் கறுப்புப் பட்டை கட்டிய பழுப்புக் கீச்சானையும் நீங்கள் கண்டிருக்கக்கூடும். அதுவும் வட ஆசியாவிலிருந்து வந்ததுதான், ஒரு வேலியைப் பிடித்துக்கொண்டால் பருவம் முடியும்வரை அதை விட்டுக்கொடுக்காது.

இனி, இந்த மாதத்தில் எல்லாரும் விடுகிற ஒரு பிழையைச் சொல்லிவிடுகிறேன். மாசி பிற்பகுதியில் குயில் கூவத் தொடங்கும்போது, சித்திரைப் புத்தாண்டுக்காக அது எங்கிருந்தோ வந்துவிட்டது என்று பலரும் சொல்வார்கள். குயில் எங்கும் போகவில்லை. இனப்பெருக்கக் காலம் வரும்வரை வாயை மூடிக்கொண்டு இதே மரத்தில்தான் இருந்தது. ஆகவே ஒரு குரல் புதிதாகக் கேட்பதை வைத்து வந்தது என்றோ, ஒரு குரல் நின்றதை வைத்துப் போனது என்றோ உடனே முடிவுகட்டக் கூடாது.

போகும் நாள் பறவைக்கு எப்படித் தெரிகிறது என்பது எனக்கு எப்போதும் வியப்பைத் தருவது. வட நாடுகளில் மாரிக்கும் கோடைக்கும் இடையில் பகலின் நீளம் பெரிதாக வேறுபடும். எங்கள் அகலாங்கிலோ ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இடையில் உள்ள வேறுபாடு ஏறத்தாழ ஒரு மணித்தியாலம் மட்டுமே. அப்படியிருக்க, தேசி மரத்தின் அடியில் நிற்கும் குருவி எதைப் பார்த்துப் புறப்படுகிறது? ஜேர்மனியில், பன்னிரண்டு மணித்தியாலம் வெளிச்சம், பன்னிரண்டு மணித்தியாலம் இருட்டு என்று ஆண்டு முழுவதும் மாற்றமே இல்லாமல் வைத்து வளர்க்கப்பட்ட வலசைக் குருவிகளும் ஏறக்குறைய உரிய பருவத்தில் கொழுப்புச் சேர்த்து, இரவில் உறங்காமல் கூண்டுக்குள் படபடத்தன. அதாவது ஆண்டைக் கணக்கிடும் ஒரு கடிகாரம் அவற்றின் உடலுக்குள்ளேயே இருக்கிறது. பகல் நீளம் அந்தக் கடிகாரத்தைச் சரிசெய்துவிடுகிறது, அவ்வளவுதான். உங்கள் ஆறுமணிக்குருவி இப்போது வழமையை விட மும்முரமாகச் சருகைக் கிளறுகிறதென்றால், பயணத்துக்கான கொழுப்பைச் சேர்க்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

அம்மம்மா சொன்னதில் பாதி சரி. வாடையோடு வருகின்றன என்பது பொருத்தமே. ஆனால் சோழகம் பலமாக வீசத் தொடங்கும் வைகாசிக்கு முன்னரே அநேகமானவை போய்விடும். வாடை ஓய்ந்து சோழகம் எழாமல் இருக்கும் பங்குனி, சித்திரை மாதங்களின் இடைவெளியே அவற்றின் காலம். தாராக்கள் முன்னதாகவும், ஆறுமணிக்குருவி, கீச்சான், தகைவிலான் முதலியவை சித்திரை வரை சிறிது சிறிதாகவும் கழன்றுகொள்ளும்.

ஆறுமணிக்குருவி புறப்படுவதை நீங்கள் காணப்போவதில்லை. அது இரவில் பறக்கும் பறவை. ஐப்பசியில் வரும்போது களைத்துப்போய் வீட்டு யன்னலில் மோதி முற்றத்தில் விழுவதால் வருகையை ஊரே அறிகிறது. போகும்போது அப்படி ஒன்றும் நடப்பதில்லை. நான் செய்வது இதுதான். ஒரு கொப்பியில் நாளுக்கு ஒரு வரி எழுதுவேன். அதில் கண்ட நாளைவிடக் காணாத நாளே முக்கியம். ஆனால் "பார்க்கவில்லை" என்பதும் "காணவில்லை" என்பதும் ஒன்றல்ல. கிளினிக்குக்குப் போனீர்கள், மழை பெய்தது, உறங்கிவிட்டீர்கள் என்றால் அன்று "பார்க்கவில்லை". வழமையான நேரத்தில் வழமையான கதிரையில் இருந்தும் அது வரவில்லை என்றால் அன்று "காணவில்லை". இப்படிப் பத்து நாட்கள் தொடர்ந்து "காணவில்லை" என்று எழுதிய பிறகு, பக்கத்தைப் பின்னோக்கிப் புரட்டி, கடைசியாகக் கண்ட நாளின் கீழ்க் கோடு போடுங்கள். இருபத்திரண்டு ஆண்டுக் கொப்பிகள் என்னிடம் இருக்கின்றன. இடப்பெயர்வுக் காலத்தில் எழுதாமல் விட்ட பக்கங்களும் அவற்றுக்குள் இருக்கின்றன. அவற்றைப் "பார்க்கவில்லை" என்றே வைத்திருக்கிறேன்.

தரவைக்காரன் (மன்னார்) எழுதியது:

ஐயா சொன்ன கொப்பி முறையை நானும் ஏற்கிறேன். எனினும் புறப்பாட்டைக் காணவே முடியாது என்பது தோட்டத்துப் பறவைகளுக்குத்தான் பொருந்தும். எங்கள் வீட்டுப் பின்பக்கம் தரவைவெளி. வங்காலைச் சரணாலயம் அங்கிருந்து தொலைவில்லை. 4839 ஹெக்டயர் பரப்புள்ள அந்தச் சரணாலயம் 2010ஆம் ஆண்டில் ராம்சார் ஈரநிலமாக, அதாவது உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக, அறிவிக்கப்பட்டது. இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட நீர்ப்பறவைகள் தங்கக்கூடிய இடம் அது. இங்கே மாசி முடியும் தறுவாயில், பறவைகள் போவதற்கு முன் உடை மாற்றுவதைக் கண்ணாலேயே காணலாம்.

மார்கழியில் சாம்பல் நிறத்தில் ஒன்றைப்போல் ஒன்றாகச் சேற்றில் நின்ற கருவால் மூக்கன்களின் கழுத்தும் நெஞ்சும் இப்போது செங்கல் நிறமாகத் தொடங்கியுள்ளன. முழுமையாக மாறுவதற்குள் சில போய்விடும். சிலவற்றில் சாம்பலும் சிவப்பும் கலந்து, வெள்ளையடித்த சுவரில் காரை பெயர்ந்தது போலத் தோன்றும். வெள்ளை வயிற்றோடு வாய்க்காலின் மேலே பறந்த மீசை ஆலாக்களின் வயிறு கரி பூசியதுபோலக் கறுக்கும். இரணைமடுப் பக்கத்திலும் இந்த ஆலாக்கள் உண்டு. வீட்டின் முன்னால் வயல் இருப்பதால், அக்காவின் கதிரையிலிருந்து பார்த்தாலும் வயிறு கறுத்த ஆலா தென்படக்கூடும். அது தென்பட்டால் நாள் நெருங்கிவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

ஊசிவால் தாராக்களின் புறப்பாட்டை நான் இரண்டு முறை கண்டிருக்கிறேன். சூரியன் விழுந்து சற்று நேரத்தில் நூற்றுக்கணக்கில் எழும்பி, வட்டமடித்து, மீண்டும் தண்ணீரிலேயே இறங்கிவிடும். அடுத்த நாளும் அப்படியே. மூன்றாவது நாளோ நான்காவது நாளோ எழும்பியவை இறங்காமல் வடமேற்கு நோக்கிப் போனபோது நான் வேலியோரம் கையில் மண்வெட்டியுடன் நின்றிருந்தேன். தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடி முப்பது கிலோமீற்றர் அளவுதான் என்பதால், மேலெழும்பிய தாராவுக்கு மறுகரை அநேகமாகத் தெரிந்தே இருக்கும். அதற்கப்பால் உள்ளவை எனக்குக் கற்பனைக்கு எட்டாதவை. கொழும்புப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அண்மைய ஆண்டுகளில் மன்னாரில் கடற்காகங்களைப் பிடித்து முதுகில் சிறிய செய்மதிக் கருவி பொருத்தி விட்டபோது, அவை ரஷ்யாவின் ஆர்க்டிக் பகுதி வரை போய்க் குஞ்சு பொரித்துவிட்டு மீண்டும் மன்னாருக்கே வந்தது தெரியவந்தது. எங்கள் ஊரில் வாடியடி மீன்கழிவுக்குச் சண்டை பிடிக்கிற அதே கடற்காகங்கள்தாம்.

இன்னொன்றையும் சேர்க்க வேண்டும். கரையோரச் சேற்றுப் பறவைகளில் முதலாண்டுக் குஞ்சுகள் பல, இனப்பெருக்கத்துக்கு இன்னும் வயது வராததால், கோடை முழுவதும் இங்கேயே நின்றுவிடும். ஆடியில் ஒன்றிரண்டைக் கண்டு "இன்னும் போகவில்லையே" என்று யாரும் குழம்ப வேண்டாம்.

முள்ளியவளை மைந்தன் (ரொறன்ரோ) எழுதியது:

உங்கள் எழுத்தைப் படித்ததும் மனம் ஊருக்குப் போய்விட்டது. இங்கே இன்னும் பனி உருகி முடியவில்லை. சித்திரைக் கடைசியில் எங்கள் வீட்டு வாகனத் தரிப்பிடத்தின் கூரை விளிம்புக்குத் தகைவிலான்கள் வந்து மண்ணுருண்டைகளால் கூடு கட்டும். முல்லைத்தீவு வயல்களில் சிறுவயதில் கண்ட அதே பிளவு வால், அதே செந்நிறத் தொண்டை. ஊரிலிருந்து புறப்பட்டவைதாம் இங்கே வந்து சேர்கின்றன என்று பிள்ளைகளுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். கிணற்றடி அக்கா அங்கே கடைசியாகக் காணும் நாளை எழுதினால், நான் இங்கே முதலில் காணும் நாளை எழுதி ஒப்பிடலாம் அல்லவா?

பழைய விஞ்ஞான வாத்தியார் எழுதியது:

தம்பி, உங்கள் பிள்ளைகளுக்குச் சொன்னதைக் கெடுக்க மனமில்லை. ஆனாலும் வாத்தியார்ப் பழக்கம் விடுகிறதில்லை. உலகின் பெரும்பகுதியிலும் வாழ்கிற தகைவிலான்கள் எல்லாம் ஒரே இனம் என்பதால், முகம் ஒன்றாகத்தான் இருக்கும். ஆனால் வட அமெரிக்காவில் கூடு கட்டுபவை மாரிக்குத் தென்னமெரிக்காவுக்குப் போகின்றன. பிரித்தானியாவில் கூடு கட்டுபவை தென்னாபிரிக்கா வரை போகின்றன. எங்களிடம் வருபவை பெரும்பாலும் ஆசியாவிலேயே கூடு கட்டுபவை. மத்திய ஆசிய வான்வழி என்று சொல்லப்படுகிற பாதையில் இலங்கைதான் ஏறத்தாழத் தென்கோடி நிறுத்தம்; அதற்குத் தெற்கே கடல். உங்கள் கூரைக்கு வருவது எங்கள் பறவையின் ஒன்றுவிட்ட சகோதரம் என்று பிள்ளைகளுக்குத் திருத்திச் சொல்லலாம். நாட்களை ஒப்பிடுவதில் தடையில்லை. இரண்டு கொப்பிகளையும் பறவைப் பதிவுகளுக்கான ஈபேர்ட் இணையத்தளத்தில் பதிந்தால் மற்றவர்களுக்கும் பயன்படும்.

வரம்படி (முத்தையன்கட்டு) எழுதியது:

நான் கமக்காரன், பறவைக்கென்று நேரம் ஒதுக்கிப் பார்ப்பவன் அல்லன். ஆனாலும் காலபோக வெட்டு நடக்கும்போது பறவையைப் பார்க்காமல் இருக்க முடியாது. வெட்டு இயந்திரம் வயலுக்குள் இறங்கியதும் நெல்லுக்குள் ஒளிந்திருந்த பூச்சிகள் புகைபோலக் கிளம்பும். எங்கிருந்து வந்தன என்று தெரியாமல் தகைவிலான்கள் வந்து இயந்திரத்தின் முகப்புக்கும் ஓட்டுநரின் முகத்துக்கும் இடையால் புகுந்து புகுந்து போகும். இந்த ஆண்டு கடைசிப் பாத்தி வெட்டிய அன்று நான் வரம்பில் நின்று கவனித்தேன். வாலின் இரு நீண்ட இறகுகளும் கார்த்திகையில் கட்டையாகவும் சிதைந்தும் இருந்தவை, இப்போது பலவற்றில் முழுமையாக வளர்ந்து கம்பிபோல நிற்கின்றன. மன்னார்த் தம்பி சொன்ன உடைமாற்றம் இதிலும் உண்டு என்று அப்போதுதான் விளங்கியது.

குளத்தோரம் வசிப்பவர்கள் ஏமாறுகிற இடமும் ஒன்று இருக்கிறது. மாசி, பங்குனியில் தண்ணீர் வற்றி மீன் ஒரே இடத்தில் சேரும்போது மஞ்சள்மூக்கு நாரையும் நத்தைகொத்தி நாரையும் கூழைக்கடாவும் திடீரென்று திரளும். வெளிநாட்டுப் பறவை வந்திறங்கிவிட்டது என்று படம் பிடித்துப் போடுகிறார்கள். அவை எங்கள் நாட்டுப் பறவைகள். தண்ணீரைத் தேடிக் குளம் விட்டுக் குளம் மாறுபவை. அதேபோல, முள்முருக்கு இலையுதிர்த்துச் சிவப்பாகப் பூத்து நிற்கும் நாட்களில் ரோசா நிற உடலும் கறுத்த தலையுமாகச் சோளப்பட்சிகள் கூட்டமாக வந்து தேன் குடிக்கும். இவை உண்மையாகவே வலசைப் பறவைகள். எல்லா ஆண்டும் வருவதில்லை. எங்கள் வேலியில் முன்பு ஆறு முள்முருக்கு மரங்கள் நின்றன; கம்பி வேலி போட்ட பிறகு இரண்டுதான் எஞ்சியிருக்கின்றன, இந்த ஆண்டு நான் ஒரு சோளப்பட்சியையும் காணவில்லை. வாத்தியார் ஐயாவின் கணக்குப்படி இது "காணவில்லை" என்பதில்தான் சேரும் என்று நினைக்கிறேன், ஏனென்றால் பூத்த நாட்களில் ஒவ்வொரு காலையும் அந்தப் பக்கம்தான் தண்ணீர் பாய்ச்சினேன்.

இரவில் மின்சூள் அடித்துத் தாராப் பிடிக்க வருகிறவர்கள் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1937ஆம் ஆண்டிலிருந்தே இருக்கிறது. எங்கள் பகுதியில் அதை நினைவூட்டப் போனவனைத்தான் ஊர் முறைத்துப் பார்க்கிறது.

கிணற்றடி எழுதியது:

அனைவருக்கும் நன்றி. கட்டு அவிழ்த்து ஒரு மாதமாகிறது. ஊன்றுகோலோடு பின்வளவு வரை நடக்கிறேன், ஆனாலும் காலை, மாலை ஆறு மணிக்குக் கதிரைக்குத் திரும்பிவிடுகிறேன். கம்பியிலிருந்தவை நீலவால்தான்; வால் மட்டுமல்ல, பிடித்த தும்பியைக் கம்பியில் அடித்து அடித்துச் சிறகு உதிர்ப்பதையும் பார்த்துக்கொண்டிருந்தேன். பங்குனி பத்தில் பதினொன்று, பதினான்கில் ஐந்து, பதினாறிலிருந்து ஒன்றுமில்லை. அவை பகலில் போனவையாகவே இருக்க வேண்டும், ஏனென்றால் பதினைந்தாம் திகதி முற்பகல் மிக உயரத்தில் அந்தக் குரலைக் கேட்டேன், அண்ணாந்து பார்த்தபோது வெயில் கண்ணைக் குத்தியதால் எதையும் காணவில்லை. அந்த நாளுக்கு எந்தச் சொல்லை எழுதுவது என்று தெரியாமல் "கேட்டேன்" என்று எழுதினேன். வாலாட்டி வருவது அதற்கு முன்னரே சத்தமில்லாமல் நின்றுவிட்டது. அது கடைசியாக நடந்த நாள் எதுவென்று என் கொப்பியில் இல்லை, ஏனென்றால் ஆறுமணிக்குருவியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆறுமணிக்குருவி பங்குனி பதினெட்டு மாலைக்குப் பிறகு சீட்டி அடிக்கவில்லை. தேசி மரத்தடிக்குப் போய்ச் சருகைப் பார்த்தேன். கிளறிய இடங்கள் காய்ந்து கிடந்தன. ஐயா சொன்னபடி பத்து நாட்கள் "காணவில்லை" என்று எழுதி, பதினொன்றாம் நாள் காலையில் பதினெட்டின் கீழே சிவப்பு மையால் கோடும் போட்டேன். அன்று மாலை மகன் விளக்கேற்றிக்கொண்டிருந்தபோது ஆறு மணி ஏழு நிமிடத்துக்குப் பின்வேலிப் பக்கமிருந்து அதே இரண்டு சுரம் கேட்டது. எங்கள் பறவையா, தெற்கிலிருந்து போகிற வழியில் ஓரிரவு தங்கிய வேறொன்றா என்று சொல்ல என்னால் முடியவில்லை. ஐயா, கோட்டை அழிப்பதா, அல்லது புதிய வரியில் இன்னொரு பறவையாக எழுதுவதா?

பழைய விஞ்ஞான வாத்தியார் எழுதியது:

அழிக்க வேண்டாம், தங்கச்சி. கோட்டின் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டுவிட்டு, இன்றைய திகதியில் நேரத்தோடு எழுதுங்கள். நாளை விடியற்காலையும் கேளுங்கள்.